கண் பார்க்கும் பெட்டி

கிராமத்துக்கென்று எது புதிதாக வந்தாலும் அது முதலில் எங்கள் வீட்டில்தான் இறங்கும். என் கணவர் கிராம சேவக். உத்திரமேரூர் யூனியனில் சாலவாக்கம் பக்கத்து ஐந்தாறு ஊர்கள் அவர் பொறுப்பு. ஊராரிடம் ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் அதைத் தன் வீட்டில் செய்து காட்டிவிட வேண்டும் என்பது அவர் வேலை பார்த்த முறை. புது ரக நெல் என்றால் எங்கள் கழனியில்தான் முதல் நாற்று. உரக்குழி என்றால் எங்கள் தோட்டத்தில். அதனால்தான் ஜனங்கள் அவரை நம்பினார்கள். மற்ற கிராம சேவக்குகள் வாயால் வேலை செய்பவர்கள், இவர் வீட்டால் வேலை செய்பவர் என்று யூனியன் ஆபீசில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு என் காதுக்கு வந்தபோது நானும் பெருமைப்பட்டேன். வீடு என்றால் நான்தான் என்பது புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

புகையில்லா அடுப்பு என் சமையலறைக்கு வந்தது. சுவரை உடைத்து, கூரைக்கு மேலே குழாய் நீட்டி, களிமண்ணால் பூசிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் மாதம் உண்மையிலேயே புகை இல்லை. இரண்டாவது மாதம் குழாயில் கரி அடைத்துக்கொண்டு, பழைய அடுப்பில் வந்ததைவிட அதிகமாகப் புகை வந்தது. ஆனால் அடுப்பைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர் அழைத்து வருவார். நான் கண்ணில் தண்ணீர் வழிய நின்று, புகையே இல்லை என்று சொல்வேன். ஒருமுறை வெங்காயம் அரிந்தேன் என்றுகூடச் சொன்னேன். சாண எரிவாயுவும் அப்படித்தான். மழைக்காலத்தில் டிரம் மேலே எழும்பாது. ஜீப் வரும் சத்தம் கேட்டால், பின்கட்டில் விறகடுப்பில் கொதிக்கும் குழம்பைத் தூக்கிவந்து எரியாத காஸ் அடுப்பின் மேல் வைத்துவிட்டு நிற்பேன். யாரும் குனிந்து பார்த்ததில்லை.

நான் பெருநகர் என்ற ஊரில் பிறந்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். டீச்சர் ட்ரெய்னிங் போக வேண்டும் என்றிருந்தபோது கல்யாணம் ஆகிவிட்டது. படித்த பெண் வீட்டுக்காரரின் வேலைக்கு ஒத்தாசையாக இருப்பாள் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். இருந்தேன். அவருடைய ரிப்போர்ட்டுகளை அழகான கையெழுத்தில் நகல் எடுப்பது என் வேலை. பொய்யும் அதே கையெழுத்தில்தான் எழுதப்பட்டது.

எங்களுக்கு ஒரே பெண் குழந்தை. அவளுக்கு இரண்டரை வயது ஆனபோது இடது கண் உள்பக்கமாக ஒதுங்குவதைப் பார்த்தேன். கையில் முறுக்கை வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கும்போது அந்தக் கருவிழி மட்டும் மூக்கோரம் போய் நிற்கும். ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பெண் பிள்ளைக்கு மாறுகண் அதிர்ஷ்டம் என்றார்கள். நாற்று விடும் நாளில் பக்கத்து வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் விதை மூட்டையில் முதல் பிடியை அவள் கையால் எடுக்க வைப்பார். மற்றவர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவள் எடுத்துக் கொடுத்த ஒரு கழனியில் நல்ல விளைச்சல் வந்துவிட்டது. பிறகு யாரிடம் போய் என் பயத்தைச் சொல்வது?

ஒருநாள் அவளோடு விளையாடுவதுபோல இடது கண்ணை உள்ளங்கையால் மூடினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வலது கண்ணை மூடினேன். என் கையைப் பிடித்து இழுத்து, தலையை ஆட்டி, அழுதாள். மறுநாளும் செய்து பார்த்தேன். மூன்றாம் நாளும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான். எதுவும் தெரியாத கண்ணை மூடினால் குழந்தைக்கு என்ன நஷ்டம்? தெரிகிற கண்ணை மூடியதால்தான் அழுதாள்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் அலட்சியம் செய்தார் என்று எழுதினால் அது அநியாயம். அவரும் மூடிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. அறுப்பு முடிந்ததும் மெட்ராஸுக்கு அழைத்துப் போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்றார். நான் அவளுக்குப் புதுக் கவுன்கூடத் தைத்து வைத்துவிட்டேன். அறுப்பு முடிவதற்குள் அந்தக் கூட்டம் வந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்த கூட்டம். யூனியன் அதிகாரிகளோடு மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்திருந்தார். அப்போதுதான் கம்ப்யூட்டர் என்ற சொல் பேப்பரிலும் ரேடியோவிலும் தினமும் வர ஆரம்பித்திருந்தது. ஒரு பெரிய அறையை அடைத்துக்கொண்டு நிற்கும், குளிர் காற்று இல்லாவிட்டால் கெட்டுப் போகும் என்று நான் படித்திருந்தேன். இவர் கொண்டுவந்ததோ டிரங்குப் பெட்டியில் பாதி அளவு. சந்தன நிறப் பெயிண்ட். மூடியைத் திறந்தால் கருப்புக் கண்ணாடி, கீழே வரிசையாகப் பொத்தான்கள். பக்கவாட்டில் திருவிழா பயாஸ்கோப்பில் இருப்பதுபோல இரண்டு ஓட்டைகள். குழந்தை அதில் கண் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் கண்ணில் என்ன கோளாறு, எவ்வளவு பவர், எல்லாவற்றையும் பெட்டியே கண்டுபிடித்துச் சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். டாக்டர் வர வேண்டாம். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகலாம். இனிமேல் கண்ணுக்காக ஒருவரும் மெட்ராஸ் பஸ் ஏற வேண்டியதில்லை. இப்போது காட்டுவது மாதிரி, அசல் தை மாதம் வந்துவிடும் என்றார்.

ஆண்கள் பக்கத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். பம்ப் செட்டுக்கே ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் கரண்ட் விடுகிறார்கள், இதைப் பார்க்க அப்போதுதான் வர வேண்டுமா என்று கேட்டார். பேட்டரியில் ஓடும் என்றார் கம்பெனிக்காரர். பேட்டரி தீர்ந்தால் சைக்கிள் டைனமோவிலும் ஓட வைக்கலாம் என்று யோசனை இருப்பதாகச் சொன்னார். பெரியவர் உட்காரவில்லை.

"எங்க வூட்டு எருதுக்குக் கண்ணுல பூ வுழுந்துகீது சார். அத்தயும் பாக்குமா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கம்பெனிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கட்டத்தில் கால்நடைகளுக்கும் வரும் என்றார். அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ இடித்தது. முடியாது என்று ஒன்றுக்காவது சொல்லியிருந்தால் மற்றதை நான் நம்பியிருப்பேன். எதைக் கேட்டாலும் செய்யும் ஒரு பொருளை நான் பார்த்ததில்லை. என் அரிவாள்மணை தேங்காய் துருவும், காய் அரியும்; மாவு அரைக்காது.

கண் கோளாறு உள்ள குழந்தைகளின் பெயரைக் கொடுங்கள் என்றதும் யாரும் வாய் திறக்கவில்லை. பெயர் கொடுத்தால் கணக்கில் ஏறிவிடும், பிறகு பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம். என் கணவர் எழுந்து நின்றார்.

"மொதல்ல என் பொண்ணு பேர எழுதுங்க."

கை தட்டினார்கள். நான் வேப்ப மரத்தடியில் பெண்களோடு, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க முடியாது. ஒரு நிமிஷம் பெருமையாக இருந்துவிட்டு, பிறகுதான் மெட்ராஸ் பயணம் அந்த மைதானத்திலேயே முடிந்துபோனது எனக்கு உறைத்தது.

அதிகாரிகளும் கம்பெனிக்காரரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். பெட்டியைக் கூடத்து பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்கள். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பாப்பா பெட்டியின் மூடியைத் திறந்து ஒரு பொத்தானைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறாள். எனக்கு உயிர் போய்விட்டது. ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். அது மரத் துண்டு. பெயிண்ட் அடித்து, கோந்து போட்டு ஒட்டியிருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஓட்டைகூட இல்லை, வெறும் பலகை. பெட்டியை அவளுக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம் என்று தூக்கினேன். காலிக் கூடை மாதிரி வந்தது. இரண்டு ஓட்டைகள் வழியாகவும் பார்த்தேன். அந்தப் பக்கம் எங்கள் சுவர் தெரிந்தது.

அடுப்படியில் சோறு சூடாக இருந்தது. நாலு பருக்கையை நசுக்கித் தடவி பொத்தானைத் திரும்ப ஒட்டினேன். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைப் பழுது பார்த்தவள் நான் ஒருத்திதான்.

பரிமாறும்போது ஆண்கள் பேச்சில் நான் நுழைவதில்லை. அன்று ரசத்தை ஊற்றிக்கொண்டே அசல் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டேன். கம்பெனிக்காரர் மரியாதையாகவே பதில் சொன்னார்.

"டிசைன்ல இருக்கும்மா."

டிசைன் என்றால் எனக்குத் தெரியும். தையல் கற்றபோது காகிதத்தில் ஜாக்கெட் வரைந்திருக்கிறேன். காகிதத்தில் கை, கழுத்து எல்லாம் சரியாக இருக்கும். துணி வாங்கியிருக்க மாட்டோம். ஆனால் என் புத்தி அதோடு நிற்காது, மறுபக்கமும் பேசும். மாதிரி என்றுதானே சொன்னார்? மாதிரிக்குள் எதற்கு எதையாவது வைக்க வேண்டும்? கோயில் கட்டுவதற்கு முன்னால் மரத்தில் செய்து பார்ப்பதில்லையா? எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு இஞ்சினியரைச் சந்தேகப்படுகிறேனே. இப்படியே என்னை நானே வாயடைத்துக்கொண்டேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

அவர்கள் போனபிறகு கணவரிடம் மரப் பொத்தானைப் பற்றிச் சொன்னேன். நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்களையே அவரும் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுமை இல்லை.

"அசல் வர்ற வரைக்கும் பாப்பா கண்ணு காத்துக்கினு இருக்குமாங்க?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"ஊர்க் கூட்டத்துல எழுந்து சொல்லிட்டேன்மே. நாளைக்கு நானே பொண்ண இட்டுக்கினு மெட்ராஸ் போனா, பேர் குடுத்தவன் இன்னா நெனைப்பான்? தை மாசம் இன்னா ரொம்ப தூரமா?"

தை மாசம் தூரமில்லைதான்.

அவர் பெயர் கொடுத்ததும் மற்றவர்களும் கொடுத்தார்கள். முப்பத்தோரு குழந்தைகள். பட்டியலை மூன்று பிரதி எடுக்கச் சொன்னார்கள். கார்பன் வைத்து நான்தான் எழுதினேன். முதல் வரியில் என் மகள்.

கடைசி வரியில் ஏரிக்கரை ஓரத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் குழந்தை. அப்போது அவளுக்கு ஐந்தரை வயது இருக்கும். என் மகளுக்கு இருப்பதுபோலவே ஒரு கண் ஒதுங்கும். அதன் தாய் எங்கள் கழனியில் நடவுக்கு வருபவள். பெயர் கொடுத்த வாரம் தோட்டத்து வாசலில் வந்து நின்று என்னை ஒன்று கேட்டாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அவளுடைய அண்ணன் போகிறானாம், குழந்தையையும் அவனோடு அனுப்பிக் காட்டலாமா, இல்லை பெட்டி வரட்டும் என்று இருக்கலாமா. நான் படித்தவள் என்பதால் கேட்டாள். மரப் பொத்தானைச் சோற்றுப் பசையில் ஒட்டிய கை என் கை. அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன்: பெட்டி வருகிறது, இரு, என் பெண் பேர்தான் முதலில் இருக்கிறது. புகையே இல்லை என்று சொன்ன அதே வாய். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். போ என்று சொல்லியிருக்கலாம். ஒரே எழுத்து.

தை வந்தது. பெட்டி வரவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பாகம் வர வேண்டும், சித்திரையில் வரும் என்று கடிதம் வந்தது. சித்திரைக்குப் பிறகு ஆடி என்றார்கள். ஆடிக்குப் பிறகு பெட்டி இன்னும் சிறியதாக வருகிறது, அதனால்தான் தாமதம் என்றார்கள். வராத பொருள் சிறுத்துக்கொண்டே போவதை நான் அப்போதுதான் பார்த்தேன். ஒருநாள் அவர் உத்திரமேரூர் நூலகத்திலிருந்து பழைய வாரப் பத்திரிகை ஒன்று கொண்டுவந்தார். வெளிநாட்டில் ஒருவர் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரோடு நடக்கிற படம். பாத்தியா, உலகத்தில் இருக்கிறது என்று சொல்லி அதைக் கத்தரித்துக் கூடத்துச் சுவரில் ஒட்டினார். நான் தினமும் அதைப் பார்ப்பேன். படத்தில் இருந்தவரின் தோள் ஒரு பக்கமாகத் தொங்கியது. கையில் நரம்பு புடைத்திருந்தது. அசல் அப்படித்தான் கனக்கும் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்ததை மூன்று வயதுக் குழந்தை தள்ளிவிட்டிருக்கும்.

இதற்கிடையில் புதுக் கவுன் அவளுக்குச் சிறியதாகிவிட்டது.

ஒவ்வொரு தள்ளிவைப்பின் போதும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒவ்வொரு முறையும் இன்னும் இரண்டு மாதம்தானே என்று தோன்றும். இரண்டு மாதத்துக்காக ஏன் அவர் பேரைக் கெடுக்க வேண்டும்? இரண்டு இரண்டு மாதமாக இரண்டரை வருஷம் போயிற்று.

அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு. பள்ளி விட்டு ஓடி வந்தவள் தெருவில் அவிழ்த்து விட்டிருந்த மாட்டு வண்டியின் நுகத்தடியில் மோதி விழுந்தாள். இடது நெற்றியில் புடைத்துக்கொண்டது. பட்டப்பகல். வண்டி காலையிலிருந்து அங்கேதான் நின்றது. இடது பக்கம் இருந்ததால் அவளுக்கு அது இல்லை. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே முடிவு செய்தேன்.

பெருநகரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் பொய் சொன்னேன். அவருக்காக அத்தனை பொய் சொன்னவள், அவரிடம் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். உத்திரமேரூரில் பெருநகர் பஸ்ஸை விட்டுவிட்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினேன், அங்கே மெட்ராஸ் பஸ் மாற வேண்டும். தனியாக மெட்ராஸ் போனது இல்லை. கண்டக்டரிடம் மூன்று தடவை வழி கேட்டேன். மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னார், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். பாப்பாவை மடியில் உட்கார வைத்து, இடது கண்ணை மூடி, சுவரில் இருந்த படங்களைக் கேட்டார். மாடு, வீடு, கோழி என்று கடகடவென்று சொன்னாள். பிறகு வலது கண்ணை மூடினார். அவள் கையை முன்னால் நீட்டித் துழாவினாள். என் பக்கமாகத் தலையைத் திருப்பினாள்.

"ஏம்மா இருட்டா கீது?"

எப்போது முதல் இப்படி என்று டாக்டர் கேட்டார். ஆறு மாதமாக என்றேன். வெட்கத்தில் அப்படிச் சொன்னேன். ஆறு மாதமென்றால் இவ்வளவு ஆகியிருக்காதே என்று அவர் என்னையே பார்த்தார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. இரண்டரை வயதில் கண்டதையும், உள்ளங்கையால் மூடிப் பார்த்ததையும், பெட்டியையும், பட்டியலையும் சொன்னேன். அப்படி ஒரு பெட்டியைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத கண்டுபிடிக்க மெஷின் எதுக்கும்மா? உங்க கையாலயே கண்டுபிடிச்சிட்டீங்களே."

ஒதுங்கிய கண்ணை மூளை பயன்படுத்தாமலே விட்டுவிடும், வயது ஆக ஆக அதைத் திருப்புவது கஷ்டம் என்று விளக்கினார். மூன்று வயதில் வந்திருந்தால் முழுதாகவே வந்திருக்கலாம். இப்போது முயற்சி செய்யலாம். கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் பல மணி நேரம் ஒட்டி மூடி, பழுதான கண்ணை வேலை செய்ய வைக்க வேண்டும். ஓரளவு வரலாம். எட்டு ஒன்பது வயதுக்கு மேல் அதுவும் கடினம்.

எட்டு ஒன்பது வயது என்றதும் எனக்குப் பட்டியலின் கடைசி வரி நினைவுக்கு வந்தது.

வீடு திரும்பியபோது அவர் வாசலில் நின்றிருந்தார். மகளின் நல்ல கண்ணின் மேல் வெள்ளைத் துணி ஒட்டியிருந்தது. எங்கே போய் வந்தேன் என்று கேட்கத் தேவையில்லை. அவர் கேட்ட முதல் கேள்வியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"பஸ்ஸுல நம்ம ஊருக்காரங்க யாராச்சும் இருந்தாங்களா?"

பிறகு அவளைத் தூக்கிக்கொண்டார். தெரியாத கண்ணோடு அவர் முகத்தைத் தடவித் தடவி, அப்பாவா என்று கேட்டாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது. இரண்டையும் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஒன்று மற்றதைச் சரிக்கட்டிவிடவில்லை.

மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். திட்டம் ரத்து என்று ஆபீசிலிருந்து தாள் வரவில்லை, தாள் வராமல் நான் எப்படிச் சொல்வது என்றார். என்னிடம் கார்பன் பிரதி இருந்தது. எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். வீடு வீடாகப் போய் உள்ளங்கையால் மூடிப் பார்ப்பதைச் சொல்லிக்கொடுத்தேன், காத்திருக்க வேண்டாம் என்றேன். சில வீடுகளில் மோர் கொடுத்தார்கள். சில வீடுகளில், உங்கள் காரியம் முடிந்ததும் சொல்ல வந்தீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள்.

ஏரிக்கரைக்குக் கடைசியாகத்தான் போனேன். பயத்தால்தான் கடைசி. அந்தத் தாய் வரப்பு மேட்டில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். முடித்ததும் கலயத்தைக் கீழே வைத்தாள்.

"நீ இருன்னு சொன்ன. நான் இருந்தேன். நீ மட்டும் போயிட்டு வந்துகிறியேம்மா."

அடுத்த முறை நாங்கள் போகும்போது குழந்தையோடு வா, நானே அழைத்துப் போகிறேன் என்றேன். அவள் கலயத்தை எடுத்துக் கழுவப் போனாள். இரண்டு மாதம் கழித்து நாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைத்தான் முதலில் பார்த்தார்கள். எட்டு வயது முடிந்திருந்தது. டாக்டர் வெகு நேரம் விளக்கு அடித்துப் பார்த்தார். அந்தக் கண்ணில் பார்வையை எதிர்பார்க்க வேண்டாம், மற்ற கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தாய் சரி என்றாள். கொஞ்சம் தூரத்தில் இருந்த மரத்தூணின் பக்கம் போய் நின்றுகொண்டாள். பிறகு என் மகளைப் பார்த்தார்கள். நல்ல கண்ணை மூடி, படங்களைக் கேட்டார்கள். மாடு என்றாள். நின்று, யோசித்து, வீடு என்றாள். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அதை முகத்தில் காட்டாமல் இருக்க, குனிந்து மகளின் செருப்பு வாரை அவிழ்த்து மறுபடி மாட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர்கள் எங்களுக்கு எதிர்ப்பக்க சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் தாம்பரம் தாண்டியது. அப்புறம் அவள் கேட்டாள்.

"உம் பொண்ணுக்கு இப்ப தெரியுதாம்மா?"

பெரிதாக ஒன்றும் இல்லை என்றேன்.

பாப்பா ஜன்னலோரம் மண்டியிட்டு நின்றிருந்தாள். நல்ல கண்ணின் மேல் துணி ஒட்டியபடியே இருந்தது. வெளியே நீளமான ஒரு மதில், அதில் ஆள் உயரத்துக்கு நீல எழுத்தில் சிமெண்ட் விளம்பரம். பஸ் மெதுவாகப் போனது. அவள் மூக்குக் கண்ணாடியின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உரத்த குரலில், எழுத்துக் கூட்டத் தொடங்கினாள். சி என்றாள். பிறகு மெ என்றாள்.

நான் அவள் வாயைப் பொத்தினேன்.